ஏறாத சர்க்கரை

பன்னிரண்டு மணிக்குள் நர்ஸ் கெரெஸை வெளியே அனுப்பாவிட்டால் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருவோம் என்று வாசலில் நின்ற கூட்டம் சொல்லி அனுப்பியிருந்தது. ஷம்ஷி தன் பழைய நீவா காரை ஆஸ்பத்திரியின் பின்பக்கம் பாப்ளர் மர நிழலில் நிறுத்தியபோது மணி ஒன்பதே முக்கால்.

"ரெண்டேகால் மணி நேரம் இருக்கு," என்றாள் சல்கின், இறங்கிக்கொண்டே.

"தாராளம் அக்கா. நாம ஒரு குதிரைக் களவு கேஸை ரெண்டேகால் வருஷமா விசாரிச்சிட்டிருக்கோம்."

சல்கின் சிரிக்கவில்லை. சாரி-புலுங் மாவட்டத்தின் புலனாய்வு அதிகாரி அவள். ஐம்பத்தாறு வயது. குதிரை மேல் வளர்ந்தவளுக்குரிய நிமிர்ந்த முதுகு, ஒத்துழைக்க மறுக்கும் ஒரு முழங்கால். ஷம்ஷி அவளுடைய டிரைவர். உதவியாளர் என்று அவனாகச் சொல்லிக்கொள்வான், அவளும் மறுத்ததில்லை. பன்னிரண்டு வருடமாக அவன் வாய்க்குப் பூட்டுப் போட முயன்று தோற்றவள் அவள். இன்று அந்த வாய் வழக்கத்தைவிட அதிகமாக ஓடியது. காரணம் அவளுக்குத் தெரியும். மூன்றாம் அறையில் நான்காம் கட்டிலில் கிடப்பது அவனுடைய கூடப்பிறந்த அக்கா அயிம்கான். தாய் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள். காய்ச்சல் கண்டு இன்று பதினொன்றாம் நாள்.

தலைமை மருத்துவர் ஓர்மோன் திலேகோவிச் பின்வாசல் படியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். முகக்கவசம் அழுத்தி அழுத்தி மூக்கின் மேல் ஒரு கறுத்த கோடு. பதினாறு நாளாக வீட்டுக்குப் போகவில்லை என்று ஊரே சொன்னது. ஷம்ஷி தொண்டையைச் செருமினான். மனிதர் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். தொற்று பரவிய அந்த ஜூலையில் யார் தொண்டையைச் செருமினாலும் எல்லோரும் அப்படித்தான் எழுந்தார்கள்.

"சுருக்கமா சொல்றேன்," என்றார். "சனிக்கிழமை மூணாவது அறையைத் திறந்தோம். அன்னிக்கே ஆறு கட்டிலும் நிரம்பிடுச்சு. செவ்வாய்க்கிழமை ஒருத்தர் போயிட்டார். புதன்கிழமை மதியம் தஷ்தான்பெக்கும் போயிட்டார். மிச்சம் நாலு பேர்ல மூணு பேர் மோசம். பக்கத்து அறைகள்ல அதே நோய், அதே மாதிரி ஆளுங்க, அதே மருந்து. அங்க தேறிட்டு வராங்க."

"அதே மருந்துன்னா எது?"

"டெக்ஸா. ஹார்மோன் ஊசி. தினம் காலைல ஒண்ணு." அவர் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "இந்த நோய்ல வைரஸ் பண்றது பாதிதான். முதல் வாரம் அது பெருகும், உடம்பு அதோட சண்டை போடும். போடணும். ரெண்டாவது வாரம் வைரஸ் ஓய ஆரம்பிச்சிடும், ஆனா சில பேருக்கு உடம்பு ஓயாது. எதிரி ஓடின பிறகும் சுட்டுக்கிட்டே இருக்கிற பட்டாளம் மாதிரி, சொந்த நுரையீரலையே சுட ஆரம்பிச்சிடும். உள்ள வீங்கும், நீர் கோத்துக்கும், காத்து இறங்க இடம் இருக்காது."

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை," என்றான் ஷம்ஷி.

"அதேதான். டெக்ஸா அந்த நெருப்பை அணைக்க வர்ற வண்டி. ஆனா மூணாவது அறைக்கு மட்டும் வண்டி வந்த மாதிரியே தெரியல. வந்த வண்டியில தண்ணிக்குப் பதிலா பெட்ரோல் இருந்துச்சோ என்னமோ. வாசல்ல நிக்கற தஷ்தான்பெக் ஆளுங்க விஷம்னு சொல்றாங்க. கெரெஸ்தான் ஊசி மருந்தை எடுத்து நிரப்புறவ, அதனால அவளைக் கேக்கறாங்க. எதுக்கு வம்புன்னு புதன்கிழமை சாயங்காலமே அந்த அறைக்கு ஊசியை நிறுத்திட்டேன்."

ஷம்ஷி அவரையே பார்த்தான். "அயிம்கானுக்கும் நிறுத்திட்டீங்களா?"

"விஷமா இருந்தா என்ன பண்றது, ஷம்ஷி?"

ஷம்ஷி கைக்குட்டையை எடுத்துக் காய்ந்திருந்த நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

கெரெஸை எக்ஸ்ரே அறையில் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே கனமான கதவு அதுதான். முப்பது வயதுப் பெண், சோப்பும் ஸ்பிரிட்டும் பட்டுப் பட்டுத் தோல் உரிந்த கைகள். அழுதிருப்பாள் என்று ஷம்ஷி எதிர்பார்த்தான். அவள் கோபமாக இருந்தாள்.

"விஷம் வைக்கறவளா இருந்தா என் கையெழுத்தோடயா அனுப்புவேன்?" என்றாள். "காலைல ஏழு மணிக்கு ஆரம்பிப்பேன். ஆறு அறைக்கும் ஒரே பெட்டியிலேர்ந்துதான் மருந்தை உடைச்சு எடுக்கறது. ஒரு அறைக்கு ஒரு ட்ரே. ஒவ்வொரு சிரிஞ்சுலயும் ஒரு காகிதத் துண்டு ஒட்டி, கட்டில் நம்பர் எழுதி, ட்ரேல கையெழுத்துப் போட்டு மாடிப்படி அடியில வச்சிடுவேன்."

"நம்பர்தான், பேர் கிடையாதா?" என்றாள் சல்கின்.

"ஆளு மாறிட்டே இருக்காங்க அக்கா. கட்டில் மாறாது."

"மாடிக்கு யார் எடுத்துட்டுப் போவாங்க?"

"தன்னார்வலர்ங்க. தினம் எட்டுப் பத்து பேர் வருவாங்க. எல்லாரும் தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை உடை. முதுகுல பேனாவால பேரு எழுதியிருக்கும், அவசரத்துல யாரு படிக்கறா? அறைக் கதவு வரைக்கும் கொண்டுபோய்க் குடுப்பாங்க. உள்ள இருக்கிற நர்ஸ் கதவை ஒரு சாண் திறந்து வாங்கிப் போடுவா, உள்ள எட்டிப் பாக்கக்கூட விட மாட்டா. நான் மாடிப் பக்கமே போறதில்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்கப்பாவும் இதே நோய்லதான் போனார். அடக்கத்துக்கு நான் போகல. இங்க ஆள் இல்லேன்னு போகல. அதையும் வாசல்ல நிக்கறவங்ககிட்ட சொல்லுங்க."

வெளியே வந்ததும் ஷம்ஷி குரலைத் தாழ்த்தினான். "பெட்டி ஒண்ணு. ஆறு அறைக்கும் அதே மருந்து. அப்ப பெட்டியில விஷம் இல்ல. மாடிப்படிக்கும் அறைக் கதவுக்கும் நடுவுலதான் ஏதோ."

"அவ்வளவுதான் எனக்கும் தெரியுது."

"அப்ப சம்பளத்தைப் பாதிப் பாதியாப் பிரிச்சுக்கலாமா?"

நோயாளிகளின் அறையிலிருந்து ஒரு காகிதத்தைக்கூட வெளியே கொண்டுவர அனுமதி இல்லை. உள்ளேயிருக்கும் நர்சுகள் தினமும் குறிப்புத் தாள்களைப் படம் பிடித்து டாக்டரின் போனுக்கு அனுப்பினார்கள். சல்கின் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மருத்துவ எழுத்து அவளுக்குப் புரியவில்லை. எண்கள் புரிந்தன.

"இந்தக் கடைசி வரிசை என்னது டாக்டர்?"

"சர்க்கரை. ஹார்மோன் போடறவங்களுக்கு தினம் விரல் நுனியில ரத்தம் எடுத்துப் பாக்கணும். எங்க கருவியில சாதாரணமா அஞ்சு ஆறு காட்டும், ஏழைத் தாண்டினா கவனிக்கணும்."

"ரெண்டாவது அறையில பன்னிரண்டு, பதினஞ்சு, பதிமூணு, பதினேழுன்னு இருக்கு."

"அந்த ஊசி அப்படித்தான் ஏத்தும். அதுக்குத் தனியா மருந்து குடுக்கறோம்."

"மூணாவது அறையில அஞ்சு, ஆறு, அஞ்சு, ஆறு, ஆறு."

"அந்த அறையில அது ஒண்ணுதான் நல்ல சேதி," என்றார் டாக்டர். "ஒண்ணாம் கட்டில் ஜுமாஷ் தாத்தாவுக்கு மட்டும்தான் பதினாறு வரைக்கும் போச்சு. அவருக்கு முன்னாடியே சர்க்கரை வியாதி இருந்திருக்கும்."

சல்கின் போனை மெதுவாகத் தாழ்த்தினாள். "ஷம்ஷி, போன வருஷம் என் முழங்காலுக்கு மூணு நாள் ஊசி போட்டாங்களே, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா? ஒரு சட்டி குவுர்தாக் கறியைத் தனியா காலி பண்ணீங்க. விடியறதுக்குள்ள ஸ்டேஷன் ஜன்னல் அத்தனையும் துடைச்சு வச்சீங்க. லாக்கப்புல இருந்தவனே பரிதாபப்பட்டான்."

"அதுவும் இதே டெக்ஸாதான். எனக்குச் சர்க்கரை பதினாலு. எங்க வம்சத்துலயே அந்த வியாதி கிடையாது." அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஊசி போட்டா ஏறணும் டாக்டர். ஜுமாஷ் தாத்தாவுக்கு ஒரு வியாதியும் இல்ல. அந்த அறையில ஊசி போய்ச் சேர்ந்தது அவர் ஒருத்தருக்குத்தான். மத்த அஞ்சு பேருக்கும் நாலு நாளா யாரோ வெறும் தண்ணியை ஏத்தியிருக்காங்க."

டாக்டர் போனைப் பிடுங்கிக்கொண்டார். நேற்றைய தாள், இன்றைய தாள். ஊசி நின்ற மறுநாள் ஜுமாஷுக்குச் சர்க்கரை ஒன்பது. இன்று ஆறு. தினமும் அவர் கண் முன்னால்தான் இருந்தன அந்த எண்கள். நல்ல சேதி என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார்.

"இப்பவே போடறேன்," என்றார். "என் கையால உடைச்சு, என் கையால போடறேன்." சொல்லிக்கொண்டே ஓடினார். நடைவழியின் கோடியில் திரும்பும்போது சுவரில் தோள் இடித்தது. நிற்கவில்லை.

ஷம்ஷி அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். "நாலு நாள் தண்ணி. ரெண்டு நாள் அதுவும் இல்ல," என்றான். "இனிமே போட்டா பிடிக்குமா அக்கா?"

"தெரியாது. வா, நம்ம வேலையைப் பார்ப்போம்." அவன் முழங்கையை ஒரு தடவை அழுத்தினாள். அதற்கு மேல் ஆறுதல் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "கொலை இல்ல, களவு. கடைகள்ல டெக்ஸா ஒரு சொட்டு இல்ல, ஊரே தேடுது. ட்ரேயை மாடிக்கு எடுத்துட்டுப் போனவன் வழியில தண்ணி நிரப்பி நம்பர் ஒட்டின சிரிஞ்சை மாத்தி வச்சிருக்கான். டெக்ஸா நிறமில்லாத மருந்து, தண்ணியும் அப்படித்தான். சரி, ஆறுல அஞ்சை எடுத்தவன் ஏன் ஒண்ணை விட்டான்?"

"கை நடுங்கியிருக்கும்."

"நாலு நாளும் அதே ஒண்ணாம் நம்பர்லயா நடுங்கும்?"

ஷம்ஷி விரலைச் சொடுக்கினான். "அப்ப ஒண்ணாம் கட்டில்ல இருக்கறது அவனுக்கு வேண்டப்பட்டவர். ஜுமாஷ் தாத்தாவோட சொந்தக்காரன் யாரோ."

"போன் போடு."

உள்ளேயிருந்த நர்ஸ் போனைப் பிடித்துக்கொள்ள, திரையில் ஜுமாஷ் தாத்தாவின் முகம் தெரிந்தது. மேய்ச்சல் மலைக் காற்றில் காய்ந்த முகம், அதன் மேல் ஆக்சிஜன் கவசம். பேசுவதற்காக அதைத் தூக்கினார்.

"தாத்தா, இந்த ஆஸ்பத்திரியில உங்க சொந்தக்காரங்க யாராச்சும் வேலை செய்யறாங்களா?"

"எனக்கு யாரு இருக்கா? கிழவி போய் ஒம்பது வருஷம். புள்ளைகுட்டி கிடையாது. மேல ஒரு நாய் இருக்கு, முன்னூறு ஆடு இருக்கு. ஆடெல்லாம் என்னுது இல்ல, ஊருது."

"கூட்டாளி? பக்கத்துக் கூடாரத்துக்காரன்?"

"அவன் என்கிட்ட பேசி மூணு கோடைக்காலம் ஆச்சு. என் நாய் அவன் நாயைக் கடிச்சிடுச்சு."

ஷம்ஷி சல்கினைப் பார்த்தான். "நாய்மேல வழக்குப் போடலாம், களவு வழக்கு ஒட்டாது."

மணி பதினொன்று ஐந்து. முன்பக்கம் ஒரு கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து யாரோ ஒரு பெரியவர் அதட்டும் குரல். கூட்டத்தின் பொறுமை கெடுவைவிடச் சீக்கிரம் முடிந்துகொண்டிருந்தது. இருந்த ஒரே துப்பும் கையில் உடைந்துவிட்டது. நன்றி சொல்லிப் போனை அணைக்கப் போனான் ஷம்ஷி.

"ஜன்னலோரத்துலயே விட்டிருந்தா மலையாவது தெரிஞ்சிருக்கும்," என்று கிழவர் முணுமுணுத்தது கேட்டது. "கொண்டுவந்து கதவுகிட்ட போட்டுட்டாங்க. வர்றவன் போறவனெல்லாம் காலை இடிக்கறான்."

சல்கின் போனைத் தன் பக்கம் இழுத்தாள். "முதல்ல வேற கட்டில்ல இருந்தீங்களா தாத்தா?"

"அஞ்சாம் கட்டில். நல்ல கட்டில். சனிக்கிழமை வந்து அரைமணி நேரம்கூடப் படுக்கல. இந்தக் கட்டில்ல ஒரு பெரிய உடம்புக்காரர், மூச்சுக்குத் தவிச்சிட்டிருந்தார். ஜன்னலோர ஆக்சிஜன் குழாய்ல காத்து நல்லா வருதுன்னு அவரை அங்க மாத்திட்டு என்னை இங்க போட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல. பாவம், அவரும் புதன்கிழமை போயிட்டார்."

"அவர் பேரு?"

"தஷ்தான்பெக்."

போன் அணைந்தது. நடைவழியில் ஆக்சிஜன் இயந்திரங்களின் உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றான் ஷம்ஷி. "ஒண்ணாம் கட்டில்ல தஷ்தான்பெக் இருக்கார்னு நினைச்சுக்கிட்டு..."

"நடந்துட்டே யோசி." அவள் முன்வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். முழங்கால் இழுத்தது, வேகம் குறையவில்லை. "நேத்து அவர் அடக்கத்துக்குப் போயிருந்தியே. துக்கக் கூடாரத்துக்குள்ள ஒப்பாரி யாரு பாடினது?"

"தங்கச்சி ஒருத்தி. அண்ணன் மகள் ஒருத்தி."

"பொண்டாட்டி?"

ஷம்ஷியின் நடை தடைப்பட்டது. கூடாரத்துக்கு வெளியே ஆண்களோடு அரைமணி நேரம் நின்றிருந்தான். எத்தனையோ குரல் கேட்டது. முப்பது வருடம் கூட வாழ்ந்தவளின் குரல் கேட்கவில்லை. புருஷன் செத்த வீட்டில் பெண்டாட்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடாத அடக்கத்தை அவன் அதுவரை பார்த்ததில்லை. பார்த்த ஒன்றையும் கவனிக்காமல் விட்டிருக்கிறான்.

"புருஷனைப் பிடிக்காதவளா இருக்கணும்," என்றான் மெல்ல. "இல்லேன்னா எழுந்து உக்கார முடியாதவளா இருக்கணும்."

வாசலுக்கு வரும் வழியில் சல்கின் சுவரில் ஒட்டியிருந்த தன்னார்வலர் வேலைப் பட்டியலைப் படித்துக்கொண்டாள். ஞாயிறு முதல் புதன் வரை நான்கு காலையும் மூன்றாம் அறை ட்ரேக்கு நேராக ஒரே பெயர்தான் இருந்தது. எசென்தூர், தஷ்தான்பெக்கின் ஒரே மகன். அப்பா இருக்கும் அறையின் கதவு வரையாவது போகலாம் என்று கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. யாருக்கு இதில் சந்தேகம் வரும்?

அந்த எசென்தூர்தான் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் முன்னால் நின்றான். இருபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம் சொல்லிக் கொடுப்பவன். கழுத்து காளையுடையது, கண்கள் மூன்று நாளாகத் தூங்காதவை. அவனுக்குப் பக்கத்தில் பெரியப்பா, வெள்ளைக் கம்பளித் தொப்பியும் கையில் குதிரைச் சாட்டையுமாக.

"அவளை எப்ப அனுப்பப் போறீங்க?" என்றான்.

சல்கின் கம்பிக்கு அருகே போய், அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள். "அம்மாவுக்கு இன்னிக்கு மூச்சு எப்படி இருக்கு?"

கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்தன.

"சத்தம் போடாம என்கூட வா," என்றாள். "நேரம் உனக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல." பிறகு கூட்டத்துக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "ஒரு வாக்குமூலம் வாங்கணும். பன்னிரண்டு மணிக்கு நானே திரும்பி வந்து உங்களுக்குப் பதில் சொல்றேன்."

வீடு நான்கு தெரு தள்ளி இருந்தது. முற்றத்தில் துக்கக் கூடாரம். அதைத் தாண்டிப் பின் அறையில் தரை மெத்தைகளின் மேல் எசென்தூரின் தாய் சகின் குப்புறக் கிடந்தாள். அறை முழுக்க மூலிகைப் புகை வாடை, தலைமாட்டில் நாட்டு மருந்தாக வளைக்கரடிக் கொழுப்பு ஒரு ஜாடி. மூச்சு குட்டி குட்டியாக, ஓடி வந்தவள் போல வாங்கியது. சல்கின் தன் பையிலிருந்து ஆக்சிஜன் அளக்கும் சின்னக் கருவியை எடுத்து அவள் விரலில் மாட்டினாள். எண்பத்து மூன்று. தொண்ணூற்று மூன்றுக்குக் கீழே போனாலே ஊரில் வண்டி தேடி ஓடினார்கள்.

ஷம்ஷி குளிர்பெட்டியைத் திறந்தான். துண்டில் சுற்றிய சிரிஞ்சுகள், எட்டு. ஒவ்வொன்றிலும் கெரெஸின் கையெழுத்தில் நம்பர். இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு. நான்கு என்று எழுதிய ஒன்றை எடுத்து எசென்தூரின் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"இது யாருன்னு தெரியுமாடா உனக்கு?"

தெரியாதென்று எசென்தூர் தலையை ஆட்டினான்.

"எங்கக்கா."

ஷம்ஷி அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். அந்தப் பெரிய உடம்பு எதிர்க்கவே இல்லை. சல்கின் தடுக்கவும் இல்லை, திரும்பியும் பார்க்கவில்லை. டாக்டரைப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கடைக் கடையா அலைஞ்சேன் அண்ணே," என்றான் எசென்தூர். "எங்கயும் இல்ல. அப்பாவை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்து பாக்கறேன், அம்மாவுக்குக் காய்ச்சல். அங்க இருக்கறவங்களுக்கு ஆக்சிஜன் இருக்கு, டாக்டர் இருக்கார். அம்மாவுக்கு நான் மட்டும்தான். லேட்டாப் போட்டதாலதான் ஜனங்க சாகறாங்கன்னு சொன்னாங்க. அதனால ரெண்டாம் நாளே ஆரம்பிச்சிட்டேன். தினம் ரெண்டு ரெண்டாப் போட்டேன். முதல்ல காய்ச்சல் நின்னுடுச்சு, எழுந்து ரொட்டிகூடச் சுட்டாங்க."

போனில் டாக்டரின் குரல் அறைக்கே கேட்டது. "ரெண்டாம் நாளா? அப்பத்தான் உடம்பு சண்டை போட்டாகணும். காவல் நாயைக் கட்டிப் போட்டுட்டுத் திருடனுக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கான். காய்ச்சல் நின்னது குணம் இல்ல, நாய் குரைக்கல, அவ்வளவுதான். எட்டாம் நாள் உயிரைக் காப்பாத்தற ஊசி ரெண்டாம் நாள் எதிரி பக்கம் நிக்கும். உடனே கொண்டு வாங்க." ஒரு கணம் நிறுத்தினார். "ஷம்ஷி பக்கத்துல இருக்கானா? அயிம்கானுக்குப் போட்டாச்சுன்னு சொல்லுங்க."

ஷம்ஷி கையை எடுத்தான். பிறகு அதே கைகளால் சகினின் தோள்களுக்கு அடியில் பிடித்துத் தூக்கினான். கால்பக்கம் மகன் தூக்கினான்.

காரின் பின்சீட்டில், நினைவு தப்பியிருந்த தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு எசென்தூர் உட்கார்ந்தான். முதல் தெருவைத் தாண்டியதும் அவனாகப் பேச ஆரம்பித்தான்.

"நான் திருடன்தான்," என்றான். "ஆனா பெத்த அப்பன் மருந்துல கை வைக்கல. ஒண்ணாம் நம்பரை ஒரு நாளும் தொடல. கெரெஸ் மேல எனக்கு ஏன் கோபம்னு இப்பப் புரியுதா? அப்பாவுக்கு மட்டும் மருந்து சரியாப் போச்சு. அப்படியும் செத்தாருன்னா அந்த மருந்துலயே அவ ஏதோ பண்ணியிருக்கா."

ஷம்ஷியின் பிடி ஸ்டீயரிங்கில் இறுகியது. சொல்லவேண்டிய வாக்கியம் அவன் நாக்கு நுனியில் இருந்தது. நாலே சொல். அயிம்கான் ஆறு நாள் வாங்கிய மூச்சு ஒவ்வொன்றுக்கும் அது ஈடாகும். கண்ணாடியில் பார்த்தான். எசென்தூர் தாயின் நெற்றி வியர்வையைத் தன் சட்டைக் கையால் ஒற்றிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஷம்ஷி வாயைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடினான்.

சல்கின் முன்சீட்டில் இருந்து முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"எசென்தூர், என்னைப் பாரு. இதை வாசல்ல யாராவது கோபத்துல சொல்லி நீ தெரிஞ்சுக்கக் கூடாது. அதனால நான் சொல்றேன். சனிக்கிழமை நீ அந்தப் பக்கம் போனதும், உங்கப்பாவைக் கட்டில் மாத்தினாங்க. ஜன்னலோரம் நல்லா காத்து வருதுன்னு. அவர் நல்லதுக்குத்தான். ஒண்ணாம் கட்டில்ல அவர் அரைமணி நேரம்தான் இருந்தார்."

"எந்தக் கட்டிலுக்கு?"

"அஞ்சு."

அவன் அழவில்லை, கத்தவில்லை. கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. தாயின் தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கால்வாய்ப் பாலம் தாண்டி, சந்தைத் திருப்பம் தாண்டி, ஆஸ்பத்திரி வாசல் தெரிந்த பிறகுதான் பேசினான்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் சல்கின். "ஆனா கெரெஸ் உள்ள பூட்டிக் கிடக்கா. அங்க பேச வேண்டியவன் நீ."

மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கூட்டம் கதவை ஆட்டிக்கொண்டிருந்தது. எசென்தூர் இறங்கி, கம்பிக் கதவுக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றான். அவன் பேசியது ஷம்ஷிக்குப் பாதிதான் கேட்டது. கெரெஸ் இல்ல, என்றான். நான்தான், என்றான். கட்டில் நம்பரைச் சொன்னபோது குரல் அறுந்தது. பிறகு அதையும் சொல்லி முடித்தான். பெரியப்பாவின் கையில் சாட்டை மேலே எழும்பியது. அங்கேயே நின்றது. பிறகு கிழவர் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு கதவுப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்ட்ரெச்சர்," என்று கத்தினாள் சல்கின். "ரெண்டு பேர் வாங்க."

யாரும் வரவில்லை. காரில் கிடப்பவள் யார், என்ன நோய் என்று தெரிந்துவிட்டது. முன்வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். ஐந்து நிமிடம் முன்பு கதவை உடைக்க வந்த தோள்கள் அவை. சல்கின் உள்ளே திரும்பி எக்ஸ்ரே அறைச் சாவியைக் காவல்காரனிடம் எறிந்தாள்.

கெரெஸ் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். நடைவழியிலேயே ஒரு முகக்கவசத்தை எடுத்துக் கட்டிக்கொண்டாள், கையுறையை இழுத்து மாட்டினாள். ஸ்ட்ரெச்சரைக் காருக்குப் பக்கத்தில் இறக்கினாள். அவளுக்கும் எசென்தூருக்கும் நடுவில் ஒரு முழ தூரம்தான் இருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஏதோ சொல்ல முயன்றான்.

"எத்தனாவது நாள்?" என்று கேட்டாள் கெரெஸ்.

"ஏழாவது."

"எத்தனை ஊசி போட்டே?"

"பதினொண்ணு."

அவள் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துக் கையுறையின் முதுகில் அந்த இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டாள். பிறகு குனிந்து தலைப்பக்கக் கைப்பிடியைப் பற்றினாள்.

"கால் பக்கம் பிடி," என்றாள். "ஆட்டாம வா."